பிக்கப் வண்டி, வாரண்டி, ரங்கூன் பேரேடு

போன சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு காரைக்குடியிலேர்ந்து சித்தப்பா போன். சாதாரணமா அந்த நேரத்துக்கு அவர் தூங்கியிருப்பார். என்னமோ ஏதோன்னு பதறிப்போய் எடுத்தா, "தம்பி, பிக்கப் எடுத்துட்டேன்டா. திங்கக்கிழமை டெலிவரி. அதுல ஒரு சந்தேகம்"னார்.

சந்தேகம் இதுதான். புது வண்டிக்கு 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அதுவரைக்கும் கம்பெனி வாரண்டி. மேற்கொண்டு 16,000 ரூபா கட்டினா அது 5 வருஷம் அல்லது ஒண்ணரை லட்சம் கிலோமீட்டர் ஆகும். எக்ஸ்டெண்டட் வாரண்டி. ஷோரூம் பையன் "இப்பவே போட்டா இந்த ரேட்டு சார், அப்புறம் ஏறிடும்"னு நிக்கறானாம். "நீதான் பொட்டி தட்டறவனாச்சே, ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு."

பொட்டி தட்டறவன் கிட்ட கணக்கு கேட்டா என்ன பண்ணுவான்? எக்ஸெல் திறப்பான். நானும் திறந்தேன். நாலாவது, அஞ்சாவது வருஷத்துல எஞ்சின் போக எவ்வளவு வாய்ப்பு, கியர்பாக்ஸ் போக எவ்வளவு, எது போனா என்ன செலவுன்னு தெரிஞ்ச மெக்கானிக் ரெண்டு பேரைக் கேட்டு குத்துமதிப்பா நம்பர் போட்டேன். சராசரி நஷ்டம் 9,000 ரூபா சுமாருக்கு வந்துச்சு. கேக்கறது 16,000. "வேணாம் சித்தப்பா, நஷ்டம்"னு பெருமையா வாட்ஸப்புல அனுப்பினேன்.

பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்க ஐயா ரங்கூன்ல கணக்கு எழுதினவரு. அவரு போட்ட ஐந்தொகையில காலணா பிசகாதும்பாங்க. ஆனா 42-ல கட்டுன வேட்டியோட வந்து சேந்தாரு. அதையும் உன் கணக்குல சேத்துப் பாரு."

ஞாயித்துக்கிழமை முழுக்க ஒரு ஆணியும் புடுங்க முடியல. அதன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுத்துக்குங்க.

வண்டியில ஏறுற சரக்கு

சித்தப்பா வண்டி ஓட்டறது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு வியாபாரிகளுக்கு. அந்தத் தெருவுக்குப் போனவங்களுக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வர்ற நிலைக்கதவு, தூண், பர்மா தேக்கு உத்திரம், எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, எல்லாம் அங்க விலைக்கு வந்து நிக்கும். அதை வாங்கறவங்க சென்னை, புதுச்சேரி, கேரளான்னு வெளியூர். கொண்டு போய்ச் சேர்க்கறது சித்தப்பா மாதிரி ஆட்கள்.

அதாவது, ஒரு காலத்துல ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்த தேக்கு, இப்ப பிக்கப்புல ஏறி காரைக்குடியை விட்டுப் போகுது. ஏன் போகுதுங்கறதுதான் நம்ம கதை.

சின்ன ரிஸ்க்கை ஜெயிச்ச கதை

1852-ல கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதி டெல்டா நெல்லுக்கு உலகச் சந்தை கிடைச்சது. காடு வெட்டி வயலாக்க விவசாயிக்குப் பணம் வேணும். வெள்ளைக்கார பேங்க் அந்தச் சேத்துக்குள்ள இறங்காது. இறங்கினவங்க நகரத்தார். 1930 வாக்குல பர்மாவுல 1,650 செட்டியார் கடைகள், மொத்த முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய்னு அப்போ போட்ட பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டுச்சு. 1930-ல 75 கோடி!

இவ்வளவு பணத்தை கடல் தாண்டி, தெரியாத ஊர்ல, தெரியாத ஆளுங்க கிட்ட கொடுத்துட்டு எப்படித் தூங்கினாங்க? இங்கதான் எனக்கு ஆச்சரியம்.

முதலாளி ஊர்ல இருப்பார். கடையை நடத்த மேலாள் போவார். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன்னு ஒரு வரிசை. ஒரு கணக்குங்கறது பெரும்பாலும் மூணு வருஷம். அது முடிஞ்சா ஊர் திரும்பி, கணக்கை ஒப்படைச்சு, லாபத்துல தனக்குள்ள பங்கை வாங்கிக்கணும். குடும்பம் ஊர்லயே இருக்கும், அதனால ஓடிப்போற பேச்சே இல்ல. பெட்டியடிப் பையனா போனவன் ஒரு நாள் மேலாளாகி, அப்புறம் தனிக்கடை போடலாம். அதனால திருடறதை விட ஒழுங்கா இருக்கறதுல லாபம் ஜாஸ்தி.

வட்டிக்கும் ஒரு முறை இருந்துச்சு. ரங்கூன் மொகல் தெருவுல இருந்த செட்டியார் கோயில்ல ஒவ்வொரு தமிழ் மாசமும் 16-ஆம் தேதி சாயங்காலம் கூடி, அந்த மாசத்து நடப்பு வட்டி என்னன்னு முடிவு பண்ணுவாங்க. தங்களுக்குள்ள கொடுக்கல் வாங்கலுக்கு அதுதான் அளவு. ஒருத்தருக்குத் திடீர்னு பணம் முடையானா இன்னொரு கடை கொடுக்கும். ஒரு கடன்காரன் ஏமாத்தினாலோ ஒரு ஊர்ல வெள்ளம் வந்தாலோ வட்டியில அது கரைஞ்சு போயிடும்.

நம்ம பாஷையில சொன்னா, ஒரு சர்வர் படுத்தா பக்கத்து சர்வர் தாங்கற மாதிரி கட்டி வச்சிருந்தாங்க. தனித்தனியா வர்ற சின்ன நஷ்டத்துக்கு அவங்க வெளியில யாருக்கும் பிரீமியம் கட்டல. தங்களுக்குத் தாங்களே வாரண்டி.

ஆனா எல்லா சர்வரும் ஒரே கட்டடத்துல, ஒரே கரண்ட் லைன்ல இருந்துச்சு. மலாயா, இலங்கை, சைகோன்னு மத்த இடங்கள்லயும் கடை இருந்தாலும் முதலோட பெரும்பங்கு பர்மாவுலதான். பர்மாவுல போட்டது பெரும்பாலும் நெல் மேலதான்.

பெரிய ரிஸ்க் வந்தப்போ

1930-ல உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை ஏறக்குறைய பாதியா சரிஞ்சது. தனித்தனியா திவாலாக வேண்டிய விவசாயிங்க ஒரே நேரத்துல மொத்தமா திவாலானாங்க. கடனுக்குப் பணம் வரல, நிலம் வந்துச்சு. கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930-ல 6 சதவீத நிலம்தான் செட்டியார்கள் கையில. 1937-ல அது 25 சதவீதம். காலு பங்கு!

பேரேட்டுல பார்த்தா சொத்துக்குக் குறைச்சல் இல்ல. ஆனா பணமா இருந்தது மண்ணா மாறிடுச்சு. பணத்தைக் கப்பல்ல ஏத்தலாம், வயலை எப்படி ஏத்தறது?

பர்மாக்கார விவசாயி பக்கம் நின்னு பார்த்தா கதை வேற. அவன் காடு வெட்டித் திருத்தின நிலம் கண்ணு முன்னாடி எங்கேயோ இருக்கற ஆள் பேருக்குப் போச்சு. அந்தக் கோபம் நியாயமில்லைன்னு என்னால சொல்ல முடியல. 1937 ஏப்ரல் 1-ல பர்மா இந்தியாவிலேர்ந்து நிர்வாக ரீதியா தனியாப் பிரிஞ்சது. அதுக்கப்புறம் நிலத்துக்காரர் அந்நிய தேசத்துக்காரர்.

1941 டிசம்பர் 23-ல ரங்கூன்ல ஜப்பான் குண்டு. 1942 மார்ச் 8-ல ரங்கூன் விழுந்துச்சு. லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினாங்க, பல ஆயிரம் பேர் வழியிலயே செத்தாங்க. சித்தப்பாவோட ஐயா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, ப்ரோம் வரைக்கும் எப்படியோ போய், அங்கிருந்து தவுங்கப் கணவாய் வழியா நடந்து, அக்யாப்ல படகு பிடிச்சு சிட்டகாங் வந்தவர். கிளம்பும்போது முதலாளி கடைப் பேரேட்டைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டாராம். கணவாயில காலரா கண்ட ஒருத்தரைத் தூக்க வேண்டி வந்தப்போ அதைப் போட்டுட்டார். "போட்டதுக்கப்புறம்தான் எம்புட்டு கனம்னு தெரிஞ்சுச்சு"ன்னு சொல்வாராம். சித்தப்பா பத்து வயசுல கேட்டது.

1948-ல சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டு வந்துச்சு. 1963-ல வங்கிகளையும் அரசு எடுத்துக்கிச்சு. கதை முடிஞ்சது.

வாக்குறுதி கொடுக்கறவன் யாரு?

இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு. ஓரியண்டல் லைஃப் 1818-லயே கல்கத்தாவுல வந்தாச்சு. ஆனா சொத்து, வண்டி பாலிசிகளைப் பொடி எழுத்து வரைக்கும் படிச்சுப் பாருங்க. யுத்தம், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம், இதுக்கெல்லாம் பொறுப்பில்லைன்னு இருக்கும். இன்னிக்கு உங்க பைக் பாலிசியிலயும் இருக்கும். எல்லாருக்கும் ஒரே நாள்ல வர்ற நஷ்டத்தை எந்தக் கம்பெனியும் தாங்காது.

இன்னொரு விஷயம், வாக்குறுதியோட பலம் அதைக் கொடுக்கறவனோட பலம்தான். 1906 அக்டோபர்ல சென்னையில ஆர்பத்நாட் கம்பெனி விழுந்துச்சு. மெட்ராஸ்ல பெரிய வெள்ளைக்கார வணிக நிறுவனம், கோட்டை மாதிரி பேரு. போட்ட பணம் போச்சுன்னு ஊரே தெருவுக்கு வந்துச்சு. அந்த அடியிலதான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்ன நின்னு, நகரத்தார் ஆதரவோட, 1907-ல இந்தியன் பேங்க் பிறந்தது.

முப்பது வருஷம் கழிச்சு ஒரு செட்டிநாட்டுக்காரர் ஒரு படி மேலே போனார். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10-ல இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் ஆரம்பிச்சார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூணு ஊர்லயும் ஒரே நாள்ல கிளை! அப்போ அவருக்கு வயசு முப்பது கூட ஆகல. (நமக்கும் ஏறக்குறைய அதே வயசுதான், சண்டே ஆனா மத்தியானம் எந்திரிக்கறோம்.) அடுத்த வருஷம் 1938 பிப்ரவரியில யுனைட்டெட் இந்தியா ஃபயர் அண்ட் ஜெனரல் இன்சூரன்ஸ். நாட்டோட இன்சூரன்ஸ் சட்டம் வந்ததும் அதே 1938-லதான். இவர் பார்வையில வட்டிக்கடை காலம் முடிஞ்சது, இனிமே பேங்கும் இன்சூரன்ஸும்தான்.

அவர் கதையும் அவர் நினைச்ச மாதிரி முடியல. 1954 மார்ச் 13-ல சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்துல இறங்கும்போது நொறுங்கின பி.ஓ.ஏ.சி. விமானத்துல இருந்தார். விமானத்துல இருந்த 40 பேர்ல 33 பேர் இறந்தாங்க, அவரும் ஒருத்தர். 1956-ல 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் சேத்து எல்.ஐ.சி. வந்துச்சு. அண்ணா சாலையில யுனைட்டெட் இந்தியா லைஃபுக்காக அவர் கட்ட ஆரம்பிச்ச கட்டடம்தான் 1959-ல திறந்த எல்.ஐ.சி. பில்டிங். 1969-ல பேங்க் தேசியமயம். 1973 ஜனவரி 1-லேர்ந்து ஜெனரல் இன்சூரன்ஸும் அரசுடைமை. 107 கம்பெனிகள் நாலாச்சு. அதுல சென்னையைத் தலைமையிடமா வச்சது யுனைட்டெட் இந்தியா.

ஆனா பாருங்க, கைமாறினாலும் அந்த பேங்குல பணம் போட்டவன் பணம் பத்திரமா இருந்துச்சு. ஐராவதிக் கரையில நிலமா வச்சிருந்தவன் கிட்ட எதுவும் மிஞ்சல.

இன்னொரு வழியும் இருந்துச்சு. பள்ளத்தூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900-ல பர்மாவுல தொழில் தொடங்கினவர். அந்தக் குடும்பம் ஜப்பான் வர்றதுக்கு முன்னாடியே, 1930-கள்லயே, சொத்தை இந்தியாவுக்கு நகர்த்த ஆரம்பிச்சிருச்சு. நகர்த்தறதுன்னா சும்மா இல்ல. அங்க வந்திருக்கக்கூடிய வட்டியை விடணும், ஊர்ல நாலு பேர் பைத்தியக்காரன்பான். அந்த விட்டுக்கொடுத்த வட்டிதான் அவங்க கட்டின பிரீமியம். அப்புறம் 1949-ல சைக்கிள் தொழிற்சாலை, 1978-ல சோழமண்டலம் ஃபைனான்ஸ். இன்னிக்கு லாரி, பிக்கப் வாங்கக் கடன் கொடுக்கறதுல அது பெரிய பேரு. பர்மாவுலேர்ந்து கிளம்பின பணம் சுத்திச் சுத்தி பிக்கப்புல வந்து நிக்குது!

சரி, 16,000 ரூபாய்க்கு வருவோம்

கார் வாரண்டின்னா ரொம்ப காலம் சில மாசத்து சமாச்சாரம்தான். அமெரிக்காவுல 1963 மாடல்களுக்கு கிரைஸ்லர் கம்பெனி எஞ்சின், கியர்பாக்ஸ் வகையறாவுக்கு 5 வருஷம் அல்லது 50,000 மைல்னு அறிவிச்சப்போ மத்த கம்பெனிகள் ஆடிப் போச்சு. ஒழுங்கா ஆயில் மாத்தி சர்வீஸ் பண்ணணும்ங்கற நிபந்தனையோடதான். 1975-ல அங்க வந்த மேக்னசன் மாஸ் சட்டம் ஒரு முக்கியமான கோடு போட்டுச்சு. பொருளோட விலைக்குள்ளயே வர்ற வாக்குறுதி வாரண்டி. தனியா காசு வாங்கிக்கிட்டு கொடுக்கறது சர்வீஸ் ஒப்பந்தம். அந்தக் கோட்டை வச்சுப் பார்த்தா, எக்ஸ்டெண்டட் வாரண்டிங்கறது பேருதான் வாரண்டி, உள்ளுக்குள்ள இன்சூரன்ஸ் மாதிரி.

இன்சூரன்ஸ்னா சராசரிக் கணக்குல வாங்கறவனுக்கு நஷ்டம்தான். இல்லைன்னா விக்கறவன் கடையை மூடணும். ஆக என் எக்ஸெல் சொன்னது புதுசு இல்ல, எல்லா பாலிசிக்கும் அதே பதில்தான் வரும். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "மோசமான நாள் வந்தா சித்தப்பாவால தாங்க முடியுமா?"

ஐம்பது வண்டி வச்சிருக்கற டிரான்ஸ்போர்ட்காரருக்கு இது தேவையில்ல. வருஷத்துக்கு ஒரு எஞ்சின் போனா மத்த நாப்பத்தொன்பது தாங்கும். ரங்கூன் கடைக்காரங்க தங்களுக்குள்ள கடன் கொடுத்துக்கிட்ட மாதிரி. சித்தப்பாவுக்கு இருக்கறது ஒரே வண்டி, 48 மாச ஈ.எம்.ஐ. எஞ்சின் வேலைன்னா ஒரு லட்சத்தைத் தாண்டும்ங்கறாங்க, வண்டி நிக்கற நாள்ல வருமானமும் கிடையாது. அவருக்கு அதுதான் 1942.

அடுத்த ஓட்டையை அவரே காட்டினார். "தம்பி, நீ வருசத்துல கணக்குப் போட்டிருக்க. என் வண்டி மாசம் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடும்டா."

அட! 1 லட்சம் கிலோமீட்டர் 25 மாசத்துல முடிஞ்சிரும். ஒண்ணரை லட்சம் 37 மாசத்துக்கு மேல கொஞ்சம். அப்ப அந்த 16,000 ரூபா ரெண்டு வருஷத்துக்கு இல்ல, சுமார் பன்னெண்டரை மாசத்துக்கு. மாசம் 1,280 ரூபா. ஈ.எம்.ஐ. முடிய இன்னும் பத்து மாசம் மிச்சம் இருக்கும்போதே அதுவும் காலி. இன்ஜினியரிங் படிச்ச நான் கோட்டை விட்டதை எட்டாங்கிளாஸ் படிச்ச மனுஷன் பிடிச்சார். காலணா பிசகாத வம்சம்!

அப்புறம் கையேட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வரி வரியா படிச்சோம். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ரப்பர், டயர், பேட்டரி, தேயற சாமான் எதுவும் சேர்த்தி இல்ல. சர்வீஸ் ஒண்ணு தவறினா செல்லாது. கடைசியா ஒரு வரி: அனுமதிச்ச எடைக்கு மேல ஏத்தினதால வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. ஏன்னா வண்டியில ஏறுறது கதவு மட்டும் இல்ல, கல்தூணும் ஏறும். ரெண்டு நடையா போக வேண்டியதை ஒரே நடையில அடிக்கறதுலதான் அவருக்கு நாலு காசு மிஞ்சுது. எஞ்சின் போறதுக்கு எது காரணமாகுமோ, அதுக்கு இந்தப் பேப்பர்ல இடம் இல்ல. அவரோட 'யுத்த விலக்கு' இதுதான்.

"அப்ப ஒண்ணு செய்யலாம் சித்தப்பா. கம்பெனி வாரண்டி முடியறதுக்குள்ள எப்ப வேணாலும் சேரலாம்னு போட்டிருக்கு. ரேட்டு கொஞ்சம் ஏறும், பரவால்ல. இருபதாவது மாசம் பாத்துக்குவோம்"னேன்.

சிரிச்சார். "ரங்கூன்லயும் அப்படித்தான். அடுத்த கப்பல்ல அனுப்பிக்கலாம், அடுத்த கப்பல்ல அனுப்பிக்கலாம்னு. இருபதாவது மாசம் என் கையில பதினாறாயிரம் இருக்கும்ங்கற?"

திங்கக்கிழமை பணம் கட்டிட்டார். கூடவே மாசம் ஆயிரம் ரூபா ஆர்.டி., தேயற சாமானுக்கும் கடைசிப் பத்து மாசத்துக்கும். மூணாவது வேலைதான் அவருக்குக் கஷ்டமா இருந்திருக்கும். தூண் வியாபாரி கிட்ட போய், "இனிமே ரெண்டு நடை, ரெண்டு வாடகை. இல்லாட்டி வேற வண்டி பாத்துக்கங்கண்ணே"ன்னு சொல்லிட்டு வந்திருக்கார். அந்த ஆள் இன்னும் பதில் சொல்லல.

நான் ஒண்ணு கேட்டேன். "பிரிக்கறதுக்கு வீடே இல்லாமப் போனா என்ன செய்வீங்க? அதுக்கு வாரண்டி இல்லையே?"

"ஆத்தங்குடி டைல்ஸ் லோடு ரெண்டு பேரு கேட்டிருக்காங்க. வாடகை கம்மிதான். வாரத்துக்கு ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன்"னார். ஐயா அந்தக் கணவாயில போட்டுட்டு வந்த பேரேடு சித்தப்பா கிட்ட எப்படியோ வந்து சேர்ந்திருக்கு.

உங்க வீட்டுலயும் பர்மாவுலேர்ந்து நடந்து வந்தவங்க கதை இருக்கும். இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. சொல்றதுக்கு ஆள் இருக்கும்போதே கேட்டு வச்சுக்கணும்.

பி.கு: சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பேரு கொடுத்தவர் எம்.ஏ. சிதம்பரம். மேலே சொன்ன எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் வேற ஆள். ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்க வேணாம், நானே ரொம்ப நாள் குழம்பியிருக்கேன். ஹி ஹி.